சர்க்கரை டப்பா ரேடார்

என் வீட்டுக்காரர் மைக்ரோவேவ் அடுப்பு பழுது பார்ப்பவர். ஊரார் வீட்டு அடுப்பெல்லாம் அவர் கைபட்டு ஓடுகிறது. எங்கள் வீட்டு அடுப்பு மட்டும் மூன்று மாதமாகக் குடலைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. கேட்டால் "நாளைக்கு" என்பார். அவருடைய அந்த நாளையை நான் எந்த நாள்காட்டியிலும் பார்த்ததில்லை.

ஆனால் அண்ணன் காரியம் என்றால் மனிதருக்கு நாளை என்பதே கிடையாது.

அந்த அண்ணன், அதாவது என் மூத்தார், மரப்பட்டறையில் வாள் இயந்திரம் ஓட்டுகிறவர். பிறவியிலேயே காது கேட்காது. கையாலும் முகத்தாலும் பேசுவார். வாயால் பேசுகிற பலரைவிட நன்றாகவே பேசுவார். அவர் அறுத்த பலகையில் நூல் பிசகாது. ஒரே தொல்லை, பின்னால் யார் வந்தாலும் தெரியாது. அதனால் நாலு நொடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். இருபது வருடப் பழக்கம். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார்.

இரண்டு மாதம் முன்பு, அவர் திரும்பாத ஒரு நொடியில், பட்டறைக்குப் புதிதாக வந்தவர் தோளைத் தட்டிவிட்டார். தூக்கிவாரிப் போட்டதில் விரல் நுனி வாளில் பட்டது. மூன்று தையல். முதலாளி கெட்டவர் இல்லை, பயந்தவர். "இனி நீங்க பலகை அடுக்கினா போதும்" என்று சைகை காட்டிவிட்டு, வாளை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து மூத்தார் கை பேசுவதே குறைந்துபோனது. எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அவை மடியில் சும்மாவே கிடந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, சர்க்கரை ஒரு கிண்ணத்தில் கொட்டிக் கிடந்தது. எறும்புகளுக்கு விருந்து.

"ஏங்க, சர்க்கரை டப்பா எங்க?"

"அது ரேடார் ஆயிடுச்சு."

"காபித்தூள் டப்பா?"

"அதுவும்தான். ரெண்டும் ஒரே அளவு பாரு!" என்றார், நான் அதற்காகவே தேடி வாங்கி வைத்திருந்தது போல.

ஒரு டப்பாவிலிருந்து அலை போகும். எதிரே உள்ளதில் மோதித் திரும்புவது அடுத்த டப்பாவில் விழும். எதிரே உள்ளது சும்மா நின்றால் அலை போனபடியே திரும்பும். நகர்ந்தால் துளி மாறித் திரும்பும். அந்தத் துளியைப் பிடித்தால் ஆள் வருவது தெரியும். தெரிந்ததும் மூத்தாரின் இடுப்புப் பட்டையில் பழைய கைபேசியின் அதிர்வு மோட்டார் துடிக்கும். இவ்வளவுதான் சங்கதி. அதை எனக்குப் புரியவைக்க ஒரு பானை சாதம் குழைந்துபோனது.

"அடுப்புல வர்ற அலைதானே? ஆளை வேகவச்சுடாதா?"

"அதுல லட்சத்துல ஒரு பங்குகூட இல்ல. இதை வச்சு ஒரு பட்டாணியைக்கூட சூடாக்க முடியாது."

டப்பாவுக்குள் மூன்று சென்டிமீட்டர் செம்புக் கம்பியை நிறுத்த, அரை மில்லிமீட்டர் கூட்டுவதும் குறைப்பதுமாக ஒரு வாரம் போனது. பிறகு பட்டை நிற்காமல் துடித்தது. வீட்டில் பேய் நடமாடுகிறது என்று நான் பயந்தேன், பார்த்தால் மின்விசிறி. விசிறி வேகமாகச் சுற்றுவது, மனிதன் மெதுவாக நடப்பவன். வேகமான அசைவையெல்லாம் வடிகட்டித் தள்ள இன்னொரு வாரம், அதுவரை விசிறிக்கு விடுமுறை. நான் வியர்த்து வழிந்தபடி இரும்பு பீரோவுக்கும் வாசலுக்கும் நடந்தேன். "இன்னும் மெதுவா... இப்ப திருடன் மாதிரி" என்று ஆட்டுவித்தார். இரண்டு கிலோ இளைத்தது ஒன்றுதான் எனக்கு லாபம்.

முதலாளி ஒரு நாள் அவகாசம் கொடுத்தார். "சாயங்காலம் நானே வந்து பாக்கறேன். சரியா இருந்தா வாள் அவருக்கு. இல்லன்னா இந்தப் பேச்சே வேணாம்."

வாளுக்குப் பக்கத்துத் தூணில், மூத்தாருக்குப் பின்னாலுள்ள நடைவழியைப் பார்த்தபடி என் வீட்டுக்காரர் டப்பாக்களைக் கட்டினார். வாளை ஓட்டாமலே முதலில் சோதித்தார்கள். பட்டை துடித்தது. மூத்தார் திரும்பினார். நடைவழியில் ஈ காக்கை இல்லை. மறுபடி துடித்தது. யாரும் இல்லை. மதியத்துக்குள் பதினோரு தடவை பொய். பலகை அடுக்குகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மூத்தார் பட்டையைக் கழற்றி, தம்பி கையில் கொடுத்து, அவர் கன்னத்தைத் தட்டினார். போதும்டா என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாப்பாடு கொண்டுபோன நான் ஓரமாக நின்றிருந்தேன். ஒருவருக்குக் காது கேட்காது. மற்றவர் மீட்டரில் கண்ணை வைத்தால் அவருக்கும் கேட்காது. எனக்குக் கேட்டது. நடைவழியின் கோடியில், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், முதலாளியின் செருப்பு சரக் சரக் என்றது. கைபேசியில் பேசும்போது அவருக்கு ஓரிடத்தில் நிற்க வராது. சரக் என்றால் கழற்றிய பட்டை உர்ரென்று துடிக்கிறது. அவர் பேச்சை முடித்தால் பட்டையும் அடங்குகிறது.

"ஏங்க, அது பொய் சொல்லல. முதலாளி நடக்கறதைச் சொல்லுது!"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "வீட்ல எதிர்ல இரும்பு பீரோ. அலை அதைத் தாண்டல. இங்க பலகைடி, பலகை! அலைக்கு அது திறந்த கதவு மாதிரி!"

தகரத் தகட்டைத் தேடி ஓடினார். செய்தி பரவியதும் பலகை அடுக்குகிறவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணே, அப்படியே விட்டுடுங்க. முதலாளி எழுந்தாலே எங்களுக்குத் தெரிஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்!" தம்பி அதைச் சைகையில் சொன்னதும் மூத்தாரே வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. தடுப்பில் தகரத்தை அடித்ததும் பட்டை வாயடைத்துப்போனது.

சாயங்காலம் வாள் ஓடியது. முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு, பூனை மாதிரி அடிமேல் அடி வைத்து நடைவழியில் வந்தார். ஆறு அடி தூரம் இருக்கும்போது மூத்தார் பலகையிலிருந்து கையை எடுத்தார், வாளை நிறுத்தினார், நிதானமாகத் திரும்பினார். முதலாளியின் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, 'செருப்பு எங்கே?' என்று சைகையால் கேட்டார்.

முதலாளிக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. பிறகு சிரித்துக்கொண்டே வாளைக் காட்டி, "நீங்களே ஓட்டுங்க" என்று கையசைத்தார்.

அன்று வேலை முடிவதற்குள் மூத்தார் எட்டுப் பலகை அறுத்தார். என் வீட்டுக்காரர் பலகையைப் பார்க்கவில்லை, அண்ணன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டுப் பலகைக்கும் அந்தக் கழுத்து ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அவர் அழுதார், நானும் அழுதேன், வெட்கப்படவில்லை.

போன வாரம் மூத்தார் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலுக்கு முதுகைக் காட்டி, காலை நீட்டி உட்கார்ந்தார். இடுப்பில் பட்டை. வாசல் நிலைக்கு மேலே இரண்டு டப்பா. அவை என் பருப்பு டப்பாக்கள்.