கோமதி இறக்கி வைத்த புத்தகங்கள்

போன புதன்கிழமை காலை டாக்குரியா ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தேன். கோமதியின் மகள் போன் செய்தாள். “லலிதா ஆன்ட்டி, மா ஆர் நேய்” என்று வங்காளத்தில் சொன்னாள். பிறகுதான் தமிழுக்கு வந்தாள். “அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே.” வந்த ரயிலில் ஏறிவிட்டேன். அடுத்த ஸ்டேஷனில்தான் எதற்கு ஏறினோம் என்று உறைத்தது. இறங்கி, நியூ டவுனில் கோமதியின் வீட்டுக்கு டாக்ஸி பிடித்தேன். அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நம் நூலக உறுப்பினர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கியிருக்கிறது.

கோமதி ஹவுராவில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்றதும் ஃப்ளாட் பால்கனியில் ரம்பமும் ட்ரில்லுமாக மர வேலையில் இறங்கினாள். சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்த பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள், தனக்கும் ஒரு செருப்பு அலமாரி வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனாராம். கோமதி நாற்காலியில் நிதானமாக உட்கார்ந்து நம்மில் யாரும் பார்த்ததில்லை. டீயைக்கூட நின்றபடிதான் குடிப்பாள்.

நூலகத்தைப் புதுப்பித்தபோது நான் செயலாளர். அலமாரிகளைக் கடையில் தேர்ந்தெடுத்தது நான். திறப்பு விழாவுக்கு முந்தின மாலை கோமதி வந்தாள். மேல்தட்டின் விளிம்பில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரு நூலை இழுத்துப் பிடித்தாள். நடுவில் பலகை நூலைவிட ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.

“இது மரத்தூளை ஒட்டிச் செஞ்ச பலகை, லலிதா. நாலடி நீளத்துக்கு நடுவுல ஒரு தாங்கல்கூட இல்ல. எல்லாத்தையும் இறக்கு.”

“நாளைக்கு ஃபங்ஷன் முடியட்டும். திங்கக்கிழமை பாத்துக்கலாம்.”

“கீழ பசங்க உக்காந்து படிக்கப் பாய் விரிச்சிருக்கே. பலகைக்குத் திங்கக்கிழமை தெரியுமா?”

எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிக்காதே என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் விருந்தினரோடு நான் உள்ளே நுழைந்தபோது அலமாரிகள் காலி. புத்தகங்கள் தரையில் அடுக்கடுக்காக இருந்தன. கோமதி காவலாளியிடம் சாவி வாங்கி விடியலிலேயே வந்திருக்கிறாள். “என்னை அவமானப்படுத்தத்தானே வந்தே?” என்று எல்லோர் முன்னிலும் கத்தினேன். அவள் கடைசி அடுக்கைச் சுவரோரம் நகர்த்தினாள். அவளுக்குப் பிடிவாதம், பலகைக்கு ஒன்றுமில்லை என்று உங்களிடம் சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள்.

அதை நிரூபிப்பதற்காகவே அன்று மாலை மேல்தட்டை நானே கழற்றினேன். பலகையைத் தாங்கிய ஆணிகளின் துளைகள் பிய்ந்திருந்தன. விரல் பட்டதும் தூள் கொட்டியது. கூட்டி அள்ளிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறே ப்ளைவுட் ஏற்றிய வண்டியோடு கோமதி வந்து இறங்கினாள். “பலகையைத் தடியாக்கினா மட்டும் பத்தாது. இடைவெளியைக் குறைக்கணும். நீளம் ரெட்டிச்சா தொய்வு ரெட்டிப்போட நிக்காது” என்றாள். நாலடியை இரண்டாகப் பிரித்து நடுவில் ஒரு செங்குத்துப் பலகை நிறுத்தினாள். ஒவ்வொரு தட்டின் முன்விளிம்பிலும் ஒரு மரச்சட்டம், பின்னால் சுவரோடு இன்னொன்று. முதல் அலமாரியின் அடித்தட்டு முடிந்ததும் அதில் நம் பொருளாளரை உட்காரச் சொன்னாள். “பயப்படாதீங்க சார். உடைஞ்சா மரத்தோட தப்பு இல்ல, என்னோடது.” அவர் உடம்பு உங்களுக்குத் தெரியும். பலகை அசையவில்லை. கோமதிதான் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

மூன்றாவது ஞாயிறு, ஒரு பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். “கோமதி, அந்தத் துளையெல்லாம் பிஞ்சிருந்தது. நான் பாத்தேன்.”

“தெரியும். இறக்கும்போதே நானும் பாத்தேன்.”

“அப்பவே எல்லாருக்கும் காட்டியிருக்கலாமே?”

“நீ அழுதுடுவேன்னு தோணிச்சு. கொஞ்சம் தூக்கிப் பிடி.” திருகாணியை முறுக்கியபடியே சொன்னாள்: “ஆனா அவங்ககிட்ட நீயே சொல்லிடு. தள்ளிப் போடாதே.”

ஆண்டுக் கூட்டத்தில் சொல்கிறேன் என்றேன். இரண்டு கூட்டங்கள் போய்விட்டன. அவள் மறுபடி கேட்கவேயில்லை.

அன்று பிடிவாதம் பிடித்தது நான். கோமதி அந்தப் புத்தகங்களை இறக்கியிருக்காவிட்டால், பலகை சரியும்போது கீழே அந்தப் பாயில் உங்கள் குழந்தைகள்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

அவளிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அந்தப் பொறுமையின்மையைத்தான். ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்தில் படித்தால் போதும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. ஞாயிறு வரை காத்திருக்காமல் இப்போதே உங்கள் எல்லோருக்கும் அனுப்புகிறேன்.