நர்ஸ் கெட்டவளான வாரம்

கதை எழுதுகிற மனுஷனைக் கட்டிக்கொண்டவள் படும் பாட்டை எந்தக் கதையிலும் எழுத மாட்டார்கள். என் வீட்டுக்காரருக்குப் பகலில் பஸ் டிப்போவில் வேலை. மிச்ச நேரமெல்லாம் வார இதழில் தொடர்கதை. கையெழுத்தோ கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதைப் பார்த்து நல்ல பிரதி எடுத்துத் தருவது நான்.

தொடரின் நாயகி ஒரு நர்ஸ். தப்பே செய்யத் தெரியாதவள். அச்சு அசல் அவருடைய அக்காதான், எனக்கு அண்ணி. அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர், கல்யாணமே பண்ணிக்கொள்ளாதவர், கிளினிக்கில் வேலை முடிந்து வந்தும் தெருவுக்கெல்லாம் ஊசி போடுகிறவர். கன்னத்து மச்சம் வரைக்கும் அப்படியே எழுதித் தொலைத்தார் மனிதர். "இது நம்ம நர்ஸம்மாதான்" என்று தெருவே கொண்டாடியது.

நாற்பதாவது வாரம் அந்த நர்ஸ் வேண்டுமென்றே ஒரு நோயாளியின் மருந்தை மாற்றிக் கொடுத்தாள்.

"உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? போயும் போயும் இவளையா கெட்டவளாக்குவீங்க?"

"கெட்டவன் கெட்டது செஞ்சா யாரு படிப்பா? நல்லவ கெட்டாதான் கதை. பேசாம எழுது."

"எதுக்குக் கெட்டா? காரணம் எங்க?"

"அதை அடுத்த மாசம் யோசிச்சுக்கலாம்."

தலையில் அடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன்.

இதழ் வந்த மறுநாளே எதிர்வீட்டம்மா, "ஊசி வேணாம் நர்ஸம்மா, மாத்திரையே போதும்" என்று கதவைச் சாத்தினார். கிளினிக்கில் ஒருவர் மருந்துச் சீசாவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். டாக்டரே, "கொஞ்ச நாள் லீவுல இருங்களேன்" என்று சொல்லிவிட்டார். இருபத்தாறு வருஷத்து நல்ல பெயர் ஒரே அத்தியாயத்தில் காலி!

அண்ணி இதழும் கையுமாக வீட்டுக்கு வந்தார். நம் எழுத்தாளர் கதவோரம் ஒண்டினார்.

"அக்கா, அடுத்த வாரமே மாத்திடறேன். அது வேற எவளோ, இவள மாதிரியே இருக்கிறவள்னு எழுதிடறேன்."

"என்னத்தையாவது எழுதிக்கோ. இந்த ஒரு வரிய மட்டும் தொடாத." விரலை வைத்து வாசித்தார்: "எல்லோருக்கும் அவள் வேண்டும், அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை."

பிறகு தம்பியை நிமிர்ந்து பார்த்தார். "இது உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

அவர் திருதிருவென்று முழித்தார். "இதை நான் எழுதலையே, அக்கா."

"நான்தான் அண்ணி" என்றேன். "காரணமே இல்லாம ஒருத்தி எப்படிக் கெட்டுப்போவான்னு எரிச்சல். பிரதி எடுக்கும்போது சேர்த்துட்டேன்."

தெருவே ஒதுக்கியபோது கலங்காத அண்ணியின் கண் இப்போது நிறைந்துவிட்டது.

"அப்போ உனக்கு இவ்வளவு நாளா தெரியுமா?"

கல்யாணமாகி வந்த இந்தப் பதினோரு வருஷமாகத் தெரியும்; நானும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. என் மேலேயே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன்.