சிவப்புப் பேனா

இருபத்தாறு ஆண்டுகள் டெல்லியில் தமிழ் ஆசிரியையாக வேலை பார்த்த பிறகு என் முதல் சிறுகதைத் தொகுப்பு வந்தது. வெளியீட்டுக்கு வந்த பதினேழு பேரில் என்னிடம் படித்தவள் ஒருத்திதான். இந்த ஊரில் பிறந்த என் மாணவர்கள் பரீட்சை முடிந்தபின் தமிழ்ப் புத்தகத்தைத் தொடுவதில்லை. இவளாவது படிப்பாளா என்பதே அன்று என் கவலை.

அவள் கையெழுத்துக்காக நீட்டிய பிரதியில், பழக்கதோஷத்தில், சிவப்புப் பேனாவால் பெரிய டிக் போட்டுத் தேதியும் எழுதிவிட்டேன்.

"மிஸ், நோட்டு திருத்தறீங்களா? நான் இன்னும் ஒரு வரிகூடப் படிக்கலையே!" என்று சிரித்தாள். "அச்சா, படிச்சிட்டு நானே டிக் போடறேன்."

மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து வாரம் கழித்து ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்றாள். மெட்ரோவில் படிப்பதற்காகப் பையில் வைத்திருந்த என் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். பதினொரு கதைகளில் பத்தின் கீழே சிவப்பு டிக், தேதியோடு. ஏழாவதன் கீழே மட்டும், "முடிவில் அவசரம். மீண்டும் எழுதவும்."

உண்மைதான். அந்தக் கதையை ஒரே மாலையில் முடித்திருந்தேன்.

"எப்ப காட்டுவீங்க, மிஸ்?"

"திங்கட்கிழமை" என்றேன், கையைக் கட்டிக்கொண்டு.