பச்சை முந்திரியும் பெண் பார்த்த நாளும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மதுரையில் இண்டர்மீடியட் படித்தேன். தாவரவியல் என் பாடம். படித்தவன் சும்மா இருந்தானா? கீழமாசி வீதியில் வறுத்த கடலை வாங்கினால், அந்தக் கடலைக்காரரிடமே பாடம் நடத்துவேன். இது கொட்டையே இல்லை, மொச்சைக்கு உறவு, பூ மேலே பூத்துக் காம்பு மண்ணுக்குள் இறங்கிக் காய்க்கிறது, வேருக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது என்பேன். அவர் பொட்டலம் மடித்துக்கொண்டே, "எதுல காய்ச்சாலும் பித்தந்தேன் தம்பி. கூட ஒரு துண்டு வெல்லம் கடிச்சுக்கங்க. தின்ன கையோட தண்ணி குடிக்காதீக, இருமும்" என்பார்.

பரீட்சை நெருங்கினால் அம்மா ராவுத்தர் கடையில் பாதாம் பருப்பு வாங்கி வந்து, ஊறவைத்துத் தோலுரித்து, காலையில் ஐந்து தருவாள். மூளைக்கு நல்லதாம். நல்லது செய்ததா என்பதைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பரீட்சை முடிந்த கோடையில் திருவாதவூர்ப் பக்கம் பயிர் பண்ணும் சம்சாரி ஒருவர் வீட்டில் எனக்குப் பெண் பேசினார்கள். அந்தக் காலத்தில் எங்களவர்களில் பெரியவர்கள்தான் பெண் பார்க்கப் போவார்கள். மாப்பிள்ளை வீட்டிலேயே கிடப்பான். ஆனால் பெண்ணின் பெரியப்பா, "படிச்ச பையனாம்ல, கண்ணால பாத்தாத்தேன் பேச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு உள்ளூரக் குஷி. அந்தப் பெண்ணை ஒரு தேரோட்டத்தின்போது தூரத்திலிருந்து பார்த்திருந்தேன். கூட்டத்தில் யாரோ ஒரு கிழவரின் காலை மிதித்துவிட்டவனை நிற்கவைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கட்டினால் இவளைத்தான் என்று அப்போதே எனக்குள் முடிவாகிவிட்டது.

முந்தின நாளே அம்மாவும் நானும் தாய்மாமன் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். பெண் வீட்டுக்கு அங்கிருந்து வண்டியில் ஒரு மணி நேரம். சாயங்காலம் மாமாவோடு செம்மண் தோட்டத்துப் பக்கம் போனேன். வேலியோரம் ஒரு முந்திரி மரம், சிவப்பும் மஞ்சளுமாகப் பழுத்துத் தொங்கியது. நான் பிறந்து வளர்ந்தது கரிசல் காடு. முந்திரியைப் பாயசத்தில் மட்டுமே கண்டவன் நான். ஆனால் புத்தகத்தில் படித்திருந்தேனே!

"மாமா, நீங்க பழம்னு திங்கிறது பழமே இல்ல. அது உப்பிப்போன காம்பு. கீழ ஒட்டிக்கிட்டுத் தொங்குது பாருங்க, அந்தக் கொட்டைதான் நெசமான பழம். இது மாமரத்துக்குச் சொந்தம்."

மாமா உப்பு தொட்டுப் பழத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். "அம்புட்டுத் தூரம் படிச்சிருக்க. அப்ப நீ நெசப் பழத்தையே தின்னு மாப்ள" என்று கேலி செய்தார்.

கேலி என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒரு கொட்டையைத் திருகி எடுத்து, உள்ளே இருக்கும் பருப்பைக் காட்டுகிறேன் பேர்வழி என்று கடைவாயில் வைத்து நறுக்கென்று கடித்தேன். "அடேய், துப்புடா!" என்று மாமா கத்தியபோது காரியம் முடிந்திருந்தது. அதன் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். அதனால்தான் ஊரில் அதை நெருப்பில் போட்டு, எட்ட நின்று சுட்டெடுத்து, அப்புறம் உடைக்கிறார்கள். இதுவும் புத்தகத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் படிக்கவில்லை.

விடிந்தபோது கண்ணாடியில் இருந்தது நானில்லை. உதடு இரண்டும் பணியாரமாக உப்பியிருந்தன. மோவாயில் கறுப்புக் கறுப்பாகக் கொப்புளம். அத்தை தேங்காயெண்ணெய் தடவினாள். இன்னொரு நாள் போகலாம் என்று கெஞ்சினேன். குறித்த நாளில் போகாவிட்டால் பெண்ணுக்கு ராசியில்லை என்று ஊர் பேசும் என்றாள் அம்மா. சரி, போவோம், ஆனால் பச்சைக் கொட்டையைக் கடித்த கதை மட்டும் வெளியே போகக்கூடாது, படித்த மாப்பிள்ளையின் மானம் போய்விடும் என்று அம்மாவும் மாமாவும் நானும் ஏகமனதாக முடிவு செய்தோம். வேறு என்ன சொல்வது என்று பேசி வைத்துக்கொள்ளவில்லை.

அங்கே போய் உட்கார்ந்ததும் பெரியப்பா என் முகத்தையே பார்த்தார். "என்னங்க இது?" என்று கேட்டார்.

"சூட்டுக் கொப்புளம்" என்றாள் அம்மா.

வாசலில் கால் கழுவிவிட்டு அப்போதுதான் உள்ளே வந்த மாமா, தன்னைக் கேட்டதும், "வண்டு கடிச்சிருச்சுங்க" என்றார்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். நான் மாமா சொன்னதையாவது திருப்பிச் சொல்லியிருக்கலாம். "பல்வலி" என்றேன்.

பெரியப்பா எழுந்து வந்து என் காது மடல்களை உற்றுப் பார்த்தார். "கைய நீட்டுங்க தம்பி" என்றார். விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் எதைத் தேடுகிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெருநோய், அதாவது குஷ்டம். அந்தப் பேச்சு ஒரு முறை கிளம்பினால் இந்தப் பெண் மட்டுமல்ல, எந்த ஊரிலும் எனக்குப் பெண்ணில்லை. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். நாலாவது பொய் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. மறுபடி மூடிக்கொண்டேன்.

"பெரியப்பா, அது முந்திரிப் பாலு."

கதவுக்குப் பின்னாலிருந்து பெண் வெளியே வந்திருந்தாள். பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண் வாய் திறப்பது அன்று கேள்விப்படாத சங்கதி. அவளுடைய அம்மா பதறிப்போய்ச் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். அவள் அசையவில்லை. முழங்கையை நீட்டிக் காட்டினாள். பழைய கறுத்த தழும்பு, பூப்போல ஐந்து புள்ளி.

"சின்னப்பிள்ளையில நாங்க கையில கோலம் போட்டுக்கிட்டது இதுலதேன். இந்தா, இன்னும் போகல. இவுக பச்சைக் கொட்டையக் கடிச்சிருக்காக. தோலு உரிஞ்சு ஆறிரும்." பிறகு என்னை நேராகப் பார்த்து, "சுடாமக் கடிப்பாகளா யாராச்சும்?" என்றாள்.

மாமா தலைகுனிந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பெரியப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

என்மேல் ஆசைப்பட்டுத்தான் அன்று அத்தனை பேர் முன்னால் பேசினாள் என்று ரொம்ப நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் அவளிடமே அதைச் சொன்னேன். அவள் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எங்க தெருவுல ஒருத்தருக்கு இப்படித்தேன் பேரு கட்டிவிட்டாக. அவருக்கு இருந்தது வெறும் தேமலு. சாகுற மட்டும் ஒருத்தரும் அவரு கையால தண்ணி வாங்கிக் குடிக்கல. அன்னைக்கு யாரு வந்து உக்காந்திருந்தாலும் சொல்லியிருப்பேன்."

"அப்ப என்னையப் புடிச்சுப்போய்ச் சொல்லலையா?"

"அந்த மூஞ்சியவா?" என்றாள்.

என் பெருமையெல்லாம் அந்தப் பருத்திக் காட்டிலேயே போயிற்று. யாராக இருந்தாலும் வாய் திறந்து சொல்லிவிடுகிற ஒருத்தியோடுதான் இனி என் காலம் என்பது எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது, ரொம்பப் பிடித்தும் இருந்தது.