பிளானோவில் என் ஓட்டு

அமெரிக்காவின் டெக்சாஸில் பிளானோ, 2016. டோல்வே நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் ஒரு பிரியாணிக் கடை. பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேற வேண்டுமா என்று, சாப்பிட்ட கை காய்வதுகூடத் தெரியாமல் பக்கத்து மேசையில் இரண்டு தமிழ் இன்ஜினியர்கள் வாதாடுகிறார்கள். லண்டனிலிருந்து வந்திருக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.

"வெளிய போனா எங்களுக்குத்தான் நஷ்டம்" என்கிறேன்.

கடைக்காரர் ஜாபர் பாய் தண்ணீர் ஊற்றியபடி சிரிக்கிறார். "அது வெள்ளைக்காரங்க சண்டை, சிஸ்டர். நாம கெஸ்ட். டாக்ஸ் கட்டிட்டு கம்முனு இருக்கணும்."

கெஸ்ட் என்ற சொல் சுருக்கென்று குத்துகிறது.

"என்னுது இந்தியன் பாஸ்போர்ட்தான், பாய். ஆனா காமன்வெல்த் நாட்டுக்காரங்க அங்க குடியிருந்தா ஓட்டுப் போடலாம். நான் போன எலெக்‌ஷன்லயே போட்டாச்சு."

வாதம் நின்றுவிடுகிறது. "எங்களுக்கு இன்னும் கிரீன் கார்டே வரல. அது வந்தாலும் இங்க ஓட்டுக் கிடையாது" என்கிறார் ஓர் இன்ஜினியர், மெதுவாக.

என் முதுகு தானாக நிமிர்கிறது.

ஜாபர் பாய் ஜக்கை வைத்துவிட்டு, எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார்.

"இப்பச் சொல்லுங்க, சிஸ்டர். இருக்கலாமா, போகலாமா?"