ஆர்க்கிட்டுக்குப் போர்த்திய பாலிதீன்

எங்கள் வீட்டு ஜன்னலோரம் ஒரு ஆர்க்கிட் செடி இருக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அவள் அம்மாவுக்கு வாங்கி வந்தது. வந்தபோது வரிசையாக ஊதாப் பூக்கள். பூவெல்லாம் கொட்டியதும், "தூக்கிப் போட்டுடும்மா, மறுபடி பூக்கறது கஷ்டம்" என்று மகளே போனில் சொன்னாள். "பூக்கும் பாருடி" என்றாள் என் மனைவி. இரண்டு வருஷம் காத்திருந்தாள். இந்தத் தை மாதம் இலையடியிலிருந்து ஒரு பச்சைத் தண்டு நீண்டது. மாசியில் அதில் மொட்டுகள் தெரிந்தன.

அந்தச் செடிக்கு மண் கிடையாது. தொட்டியில் மரப்பட்டைத் துண்டுகள்தான். அதனாலேயே எனக்கு அதன்மேல் ஒரு ஒட்டுதல். இங்கே ஆம்பூரில் நான் தோல் பதனிடும் ஷெட்டில் சேர்ந்த புதிதில் ஆவாரம்பட்டைத் தண்ணீரில்தான் தோலை ஊறப்போடுவார்கள். அதில் இறங்கி வேலை செய்தால் கால் பழுப்பேறிப் போகும். எவ்வளவு தேய்த்தாலும் விடாது. பெண் பார்க்கப் போன அன்று இரண்டு காலையும் வேட்டிக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் முதலில் பார்த்ததே அந்தக் காலைத்தானாம். அது வேறு கதை.

மொட்டு வந்த சமயத்தில் அவள் தங்கை மகளின் வளைகாப்புக்கு நெமிலிக்குக் கிளம்பினாள். "காத்தால கொஞ்சம் தண்ணி. வேருக்கு மட்டும். வேற எதுவும் நோண்டாத" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

இந்த வருஷம் வெயில் முன்னாடியே வந்துவிட்டது. இலைகள் துவண்டு தொங்கின. எனக்குப் பொறுக்கவில்லை. ஷெட்டில் காய்ந்து விறைத்த தோலை அப்படியே மெஷினில் விடமாட்டோம். தண்ணீர் தெளித்து, அடுக்கி, பாலிதீன் போர்த்தி விட்டுவிடுவோம். பதம் போடுவது என்று அதற்குப் பெயர். மறுநாள் காலையில் தோல் துணி மாதிரி வளைந்து கொடுக்கும். அந்த நினைப்பில், சாயங்காலம் செடிக்கு மேலேயிருந்து நன்றாகத் தண்ணீர் தெளித்து ஒரு பாலிதீனைப் போர்த்திவிட்டேன்.

சில நாளில் ஒரு இலையில் கரும்புள்ளி. வெயில் சுட்டுவிட்டது என்று நினைத்தேன். தொட்டியை உள்ளே தள்ளி வைத்து, இன்னும் ஜாஸ்தியாகத் தெளித்தேன். புள்ளி அகலமாகி, பக்கத்து இலைக்கும் தாவியது.

அவள் திரும்பி வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இன்னாய்யா இது, செடிக்குக் குளிர் ஜுரமா? போர்வ போத்தி வச்சிருக்க?"

"வெயில் சுட்டுடுச்சிடி. அதான் பதம் போட்டேன்."

பாலிதீனை எடுத்தாள். உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். குனிந்து மோந்தாள்.

"வெயிலா இது? மோந்து பாரு."

"எனக்கு இன்னா தெரியும்?"

என் மூக்கு ஷெட்டோடு போய்விட்டது. மல்லிகையும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றுதான்.

"ஊறத்தொட்டி நாத்தம். உன் சட்டையில இதத்தான் காலமெல்லாம் தொவச்சேன், எனக்குத் தெரியாதா? இது அழுவுது."

புள்ளியை விரலால் அழுத்திக் காட்டினாள். மெத்தென்று இருந்தது, நீர் கசிந்தது. சுற்றிலும் மஞ்சள் வளையம். வெயில் சுட்ட இடம் என்றால் காய்ந்து, அங்கேயே நின்றுவிடும். இது நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு புள்ளி பூத்தண்டு முளைத்த அடிப்பக்கத்தை நோக்கி இறங்கியிருந்தது. அவள் அதையே பார்த்தாள்.

அடுத்த வீட்டு பாய், என் தோஸ்த், சத்தம் கேட்டு வந்தார். ஷெட்டில் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரித்தவர். வெள்ளைக் கைக்குட்டையால் இலையின் அடியைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தார். "பூச்சி இல்ல. தங்கச்சி சொல்றதுதான் சரி." பிறகு என்னைப் பார்த்து, "யோவ், நம்ம கைக்கு வந்ததுல எதுக்குய்யா உசுரு இருந்துது? இது உசுரோட இருக்குது. மூடி வச்சா மூச்சு முட்டாதா?" என்றார்.

என் மனைவி நர்சரிக்காரருக்குப் போன் போட்டாள். கெட்ட இடத்தை நல்ல சதையோடு சேர்த்து வெட்ட வேண்டும், ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடை நெருப்பில் காட்ட வேண்டும், வெட்டின வாயில் பட்டைத்தூள் வைக்க வேண்டும், வேரில் படக்கூடாது, காற்றாட வைக்க வேண்டும் என்றார் அவர். பட்டைக்கு இந்த ஊரில் பஞ்சமா? பிரியாணிக்கு வைத்திருந்ததை பாய் வீட்டில் இடித்துக் கொடுத்தார்கள்.

பிளேடு என் கையில். கறுப்பு முடியும் கோட்டிலேயே வெட்டினேன். பழக்கம் அப்படி, நல்ல தோலில் ஒரு விரல் போனாலும் மேஸ்திரி கத்துவார்.

"இன்னாய்யா, தோலு மாதிரி சதுர அடி கணக்குல விக்கப் போறியா? உள்ள தள்ளி வெட்டு" என்றார் பாய்.

பிளேடை ஆறவைத்துத் தள்ளி வெட்டினேன். ஒரு இலை பாதியாயிற்று. தண்டுக்குப் பக்கத்து இலையை வெட்டும்போது அவள் தண்டை விலக்கிப் பிடித்துக்கொண்டாள். தூள் வைத்தோம். இலைகளுக்கு நடுவே குழியில் தேங்கிய தண்ணீரை அவள் முந்தானை முனையால் ஒற்றி எடுத்தாள். தெளிக்கிற பாட்டிலை அலமாரி மேலே, எனக்கு எட்டாத இடத்தில் வைத்தாள்.

அப்புறம் காலையில் எழுந்ததும் இரண்டு பேரும் முதலில் அதன் முகத்தில்தான் விழித்தோம். வெட்டின ஓரம் காய்ந்து பழுப்பானது. புதுப்புள்ளி வரவில்லை. இரண்டு மொட்டு மஞ்சளாகி விழுந்தது. மிச்சம் நின்றது.

பங்குனியில் ஒரு காலை, "ஏய், இங்க வா, இங்க வா" என்று கூப்பிட்டாள். ஒரு பூ விரிந்திருந்தது. கையில் போன், அதில் மகள். "நான் சொன்னேன் இல்ல? பாருடி, நல்லா பாரு" என்று பூவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெட்டுப்பட்ட இலைகள் தெரியாதபடி தொட்டியைத் திருப்பி வைத்திருந்தாள். மகளுக்கு இன்றுவரை பாலிதீன் விஷயம் தெரியாது.

போன் வைத்ததும் கேட்டேன். "வாசனை எப்படி இருக்குது?"

குனிந்து மோந்து பார்த்தாள். "இதுக்கு வாசனையே கெடையாது."

"அப்படின்னா உனக்குத் தெரியற அளவு எனக்கும் தெரியுது."

"தெரியுது, தெரியுது. தள்ளி நின்னு பாரு" என்றாள், சிரித்துக்கொண்டே.