பேசக் கூடாத பாடகர்

செலண்டார் ஊரின் சாப்பாட்டுக் கடையில் என் எதிரே வந்து உட்கார்ந்தவர், மலாக்கா மேடைகளில் வெகுகாலம் பாடியவர். நரைத்த சுருள்முடி, மேசையில் ஓயாமல் தாளம் போடும் விரல்கள். கைப்பேசியை என்னிடம் நீட்டி, லைவில் படம் பிடிக்கச் சைகை காட்டினார். ரசிகர்களுக்காக எழுதிவந்த அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தார்: ‘தொண்டை ஆபரேஷன் நல்லபடி முடிந்தது.’ ‘ஒரு மாதம் பேசக் கூடாது, டாக்டர் உத்தரவு.’ ‘புதுப் பாட்டு தயார்.’

லைவில் பார்த்தவர்கள் அவருடைய பழைய பாட்டு ஒன்று வேண்டும் என்று எழுதிக் கேட்டார்கள். அவர் என்னைக் கைகாட்டினார். எனக்குத் தெரிந்த மாதிரி பாடினேன். இரண்டாம் வரியில் அவர் விரல்கள் நின்றுவிட்டன.

“அங்க மேல போகணும் லா, தம்பி.”

கரகரப்புதான், ஆனால் அதே குரல். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ஓர் அட்டையின் பின்புறம் அவசரமாக எழுதி, ரசிகர்கள் அத்தனை பேருக்கும் காட்டினார்: ‘டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க.’

தப்பாகப் பாடியதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.